தேரி மணலுக்கு நடுவே ஓர் ஈயக்கூடு

2 அங்குல விட்டம், 2 அங்குல உயரம் உள்ள ஒரு சோடியம் அயோடைடு படிகம், காமா கதிர் பட்டால் மின்னி அதன் ஆற்றலைச் சொல்வது. அதைச் சுற்றி ஈயக்கூடு கட்டிப் பின்னணிக் கதிர்வீச்சை இறக்க வேண்டும். பிறகு திருநெல்வேலிப் பக்கத்து ஆற்று மணல், எம்-சாண்ட், செங்கல், கடற்கரை மணல் ஆகியவற்றில் தோரியமும் யுரேனியமும் பொட்டாசியமும் எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க வேண்டும். இடம் பாளையங்கோட்டையில் ஒரு தரைத்தள அறை. சுரங்கத்துக்குள் வைக்கும் துகள் உணரிகளுக்குச் செய்கிற வேலையும் இதேதான், அளவு மட்டும் சின்னது.

கூடு இல்லாமல் படிகத்தை மேசைமேல் வைத்தால் ஆற்றல் வரைபடத்தில் மூன்று குடும்பங்களின் உச்சிகள் தெரியும். 1461 கேஇவியில் (கேஇவி என்பது காமா ஆற்றலின் அலகு, ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) பொட்டாசியம்-40. 2614, 911, 583, 239 ஆகிய இடங்களில் தோரியத் தொடர். 1764, 1120, 609, 352 ஆகிய இடங்களில் யுரேனியத் தொடர். கூடங்குளம் பக்கம்தானே, அதனாலா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மூன்றும் பூமியோடு பிறந்தவை. சுவர்க் கல்லிலும் தரையிலும் இருக்கின்றன. தென்கோடிக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. தேரிச் செம்மணலிலும் இந்தக் கனிமங்கள் கலந்திருக்கின்றன. ஆனி, ஆடிக் காற்றில் அந்த மண் ஜன்னல் வழியே மேசைக்கு வந்துவிடும். இந்த வேலையில் நமக்குப் பெரும் தொல்லை இந்தத் தூசிதான்.

அளவு

உள்வெளி 200 × 200 மி.மீ, உயரம் 300 மி.மீ. சுவர் எல்லாப் பக்கமும் 50 மி.மீ. ஈயம் 24,000 கன செ.மீ, எடை 272 கிலோ. சுவரை 100 மி.மீ ஆக்கினால் கனம் இரண்டு மடங்குதான், ஆனால் எடை 772 கிலோ ஆகிவிடும். மூலைகள்தான் எடையைத் தின்கின்றன. அதனால் முதலில் உள்வெளியைச் சுருக்கப் பாருங்கள், பிறகு சுவரைத் தடிப்பாக்குங்கள்.

தரை தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வகுப்பறைத் தளங்களுக்கு இந்தியத் தர விதி எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ. நம் கூடு 300 × 300 மி.மீ அடியில் 272 கிலோ, சதுர மீட்டர் கணக்கில் 3,000 கிலோவுக்கு மேல். தரைத்தளத்தில், அடியில் 10 மி.மீ இரும்புத் தகடு விரித்து வையுங்கள். மாடியில் வேண்டாம்.

50 மி.மீ எவ்வளவு தடுக்கும்? 2614 உச்சியில் சுமார் 12-இல் ஒரு பங்கு மிஞ்சும். 1461-இல் 20-இல் ஒரு பங்கு. 609-இல் ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. இந்த மூன்று விகிதங்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கூடு கட்டிய பிறகு எது கெட்டது என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

ஈயம் வாங்குவது

தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். கூட்டுக்கு வேண்டியது காரீயம். உள்பூச்சுக்கு வெள்ளீயமும் கொஞ்சம் வேண்டும், ஆகவே இரண்டையும் வாங்க வேண்டிவரும். கடையில் பெயரைச் சொல்லி வாங்கிவந்தால் போதாது. துண்டை நூலில் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பாருங்கள். காரீயம் 11.3, வெள்ளீயம் 7.3. இடையில் எது வந்தாலும் கலப்படம். 60/40 பற்றவைப்புக் கம்பி 8.5 அளவில் நிற்கும், அதை இரண்டு வேலைக்கும் சேர்க்கக் கூடாது.

காரீயத்துக்குள்ளேயே ஒரு கதிரியக்கம் உண்டு: ஈயம்-210. அரை ஆயுள் 22 ஆண்டு. அதுவும் ஈயமே என்பதால் எந்தச் சுத்திகரிப்பாலும் பிரியாது. காலம் மட்டுமே அதைக் குறைக்கும். அதன் மகவு பிஸ்மத்-210 விடும் பீட்டா துகள்கள் ஈயத்துக்குள் மோதி, 500 கேஇவிக்குக் கீழே ஒரு சரிவான மேடு போடும். ஆகவே ஈயம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. இத்தாலியில் மலைக்கடியில் உள்ள கியூரே சோதனை, சார்டினியாக் கரையோரம் மூழ்கிய ரோமானியக் கப்பலில் கிடைத்த இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஈயத்தைப் பயன்படுத்தியது. நமக்குக் கிடைப்பது காயலாங்கடைப் பழைய பூமிக்கடி கேபிளின் ஈய உறை. 50 ஆண்டுப் பழசானால் ஈயம்-210 ஐந்தில் ஒரு பங்காகியிருக்கும். பில் இல்லாத கேபிள் ஈயத்தைத் தொடாதீர்கள், திருட்டுக் கேபிள் வியாபாரம் ஊரறிந்தது.

கார் பேட்டரி ஈயம் வேண்டவே வேண்டாம். ஆண்டிமனியும் சல்பேட்டும் கலந்தது, உருக்கும்போது நச்சுப்புகை. கடற்கரை ஊர்களில் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மலிவாகக் கிடைக்கும், ஆனால் குழிகளில் மணல் ஒட்டியிருக்கும். அதை வாங்கினால் உருக்கி, மேலே மிதக்கும் கசடை இரண்டு முறை வழித்தெடுத்த பிறகே வார்க்க வேண்டும்.

வார்ப்பு

மூன்று அச்சுகள், எல்லாம் இரும்புத் தகட்டில்.

உள் அடுக்கு: 225 × 100 × 25 மி.மீ, 12 கல், ஒவ்வொன்றும் 6.4 கிலோ.
வெளி அடுக்கு: 275 × 150 × 25 மி.மீ, 8 கல், ஒவ்வொன்றும் 11.7 கிலோ.
அடியும் மூடியும்: 300 × 300 × 25 மி.மீ, 4 பலகை, ஒவ்வொன்றும் 25.5 கிலோ.

50 மி.மீ கனத்தில் ஒரே கல்லாக வார்த்தால் இடுக்கு உள்ளிருந்து வெளிவரை நேராக ஓடும், காமா அதன் வழியே நுழையும். 25 மி.மீ கல்லாக இரண்டு அடுக்கு வைக்கும்போது உள் அடுக்கின் கிடை இடுக்குகள் 100, 200 மி.மீ உயரத்தில் வரும், வெளி அடுக்கில் 150-இல் வரும். ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஒவ்வொரு வரிசையிலும் நான்கு கல்லைக் காற்றாடி போலச் சுற்றி வையுங்கள். உள் அடுக்கு வலஞ்சுழி என்றால் வெளி அடுக்கு இடஞ்சுழி. மூடியையும் அடியையும் சிறு கற்களாக அடுக்கப் பார்த்தால் நடுச் சதுரத்தின் இடுக்குகள் எப்படித் திருப்பினாலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடுகின்றன. அதனால்தான் அவற்றை முழுப் பலகையாக வார்ப்பது.

ஈயம் 327 டிகிரியில் உருகும். 400 டிகிரி சுற்றளவில் ஊற்றுங்கள். 500-ஐத் தாண்டினால் புகை ஏறும். அச்சை முதலில் சூடேற்றி ஈரம் போக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும். உறையும்போது பருமன் சுமார் 3.5 சதவீதம் சுருங்கும், மேல்முகம் நடுவில் பள்ளம் விழும். சிறிது கூடுதலாக ஊற்றி, ஓரம் உறையத் தொடங்கியதும் நடுவில் இன்னொரு கரண்டி விட வேண்டும். திறந்தவெளியில், காற்று முதுகில் படும்படி நின்று, ஈயப்புகைக்கான வடிகட்டி முகமூடியும் தோல் கையுறையும் போட்டுத்தான் செய்ய வேண்டும். கைகழுவாமல் டீ குடிக்கக் கூடாது. தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

அச்சில் ஒட்டாமலிருக்க வழக்கமாகச் சாம்பலோ களிமண்ணோ பூசுவார்கள். இந்த வேலைக்கு இரண்டும் ஆகாது: சாம்பல் முழுக்கப் பொட்டாசியம், களிமண்ணில் மூன்று குடும்பமும் உண்டு. மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரியைப் படியவிடுங்கள், வெறும் கரி போதும்.

முதல் சுற்று கெட்டது

அச்சைச் சமமாக வைக்க அடியில் விரித்த மணல், கடற்கரைப் பக்கத்து லாரி மணல். அச்சின் அடித்தகடு சரியாகப் பொருந்தாத இடத்தில் ஈயம் கசிந்து மணலைத் தொட்டது. ஆறு கல்லின் ஒரு முகத்தில் மணி மணியாக ஒட்டிக்கொண்டது, வார்த்த சூட்டில் தெரியவில்லை.

கூடு கட்டிப் பார்த்தால் 2614 எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. அதைவிட உறுத்தியது 583-உம் 239-உம். 50 மி.மீ ஈயத்தை 239 கேஇவி துளைத்து வராது, ஆகவே அது உள்ளேயிருந்து வருகிறது. கற்களை ஒவ்வொன்றாகப் படிகத்துக்கு அருகே வைத்து ஒவ்வொரு முகத்தையும் அரை நாள் எண்ணியபோதுதான் எந்த ஆறு என்று தெரிந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தும் போகவில்லை.

தீர்வு எளிது. மோனசைட் ஈயத்தில் கரையாது, ஈயத்தைவிட இலேசானது. மறுபடி உருக்கிக் கிளறி, கொஞ்சம் மெழுகுவர்த்தித் துண்டு போட்டுக் கசடை வழித்தால் மணல் கசடோடு வந்துவிடும். அதன் பிறகு அச்சு மணலில் இல்லை, இரும்புத் தகட்டின்மேல், ஆப்பு வைத்துச் சமம். ஆனி, ஆடியில் வார்ப்பும் கிடையாது. உறையும் மேல்முகத்தில் விழும் தேரித் தூசி அப்படியே பதிந்துவிடுகிறது. காற்று அடங்கிய மார்கழி, தைக் காலை நேரம் நல்லது.

உள்பூச்சு

வெளிக்காமா ஈயத்தில் பட்டால் ஈயம் தன் பங்குக்கு 72 முதல் 88 கேஇவிவரை எக்ஸ் கதிர் விடும். அதை விழுங்க ஈயத்தின் உட்புறத்தில் 1 மி.மீ வெள்ளீயம், வெள்ளீயம் விடும் 25 கேஇவியை விழுங்க அதற்கும் உள்ளே 1.5 மி.மீ செம்பு. வரிசை மாறக் கூடாது. உள்பரப்பு 0.32 சதுர மீட்டர், ஆகவே வெள்ளீயம் 2.3 கிலோ, செம்பு 4.3 கிலோ. புத்தகங்களில் வெள்ளீயத்துக்குப் பதில் காட்மியம் சொல்லியிருக்கும். நச்சு, தேவையில்லை.

செம்பு மின்வேலைக்கு விற்கும் பஸ்பார்த் தகடாக இருக்கட்டும். பித்தளை வேண்டாம், கடைசலுக்காக அதில் ஈயம் சேர்ப்பார்கள். அலுமினியத் தாளும் வேண்டாம், அதில் யுரேனியமும் தோரியமும் சிறிது இருப்பது வழக்கம். செம்பைப் பளபளப்பாக்கப் புளியோ சாம்பலோ செங்கல்பொடியோ போட்டால் கதை முடிந்தது. புளியில் பொட்டாசியம், சாம்பலில் அதைவிட அதிகம், செங்கல்பொடி களிமண்ணேதான். எலுமிச்சை உப்பை வாலை வடித்த நீரில் கரைத்துக் கழுவி, மூன்று முறை வாலை வடித்த நீரிலேயே அலசிக் காயவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை விடுங்கள்.

படிகத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சுத்தம் வேண்டும், கணக்கு அவ்வளவுதான். வெளியே ஈயத்துக்கு அப்பால் இரும்பு ஸ்டாண்டில் கொஞ்சம் கோபால்ட்-60 இருந்தால்கூடப் பெரிய கேடில்லை. உள்ளே வைக்கும் ஒரு நட்டு அப்படி இருந்தால் 1173, 1332 இரண்டும் தலைதூக்கும். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்குப் போன கோபால்ட்-60 நினைவிருக்கும். உருக்கிய இரும்பை எடுத்தவுடன் நம்பக் கூடாது. ஸ்டாண்டை டிக் வெல்டிங் செய்ய நேர்ந்தால் சிவப்பு முனைக் கம்பி வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிடுங்கள். அதில் 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு, சாணை பிடித்த தூசி உங்கள் கூட்டுக்கு வரும்.

கட்டுதல்

உணரி தலைமேலாக நிற்கும், கேபிள் அடிவழியே போகும். அடிப்பலகை இரண்டிலும் துளையை வெவ்வேறு பக்கம் வைத்து, இடையே 12 மி.மீ பள்ளம் விட்டு, கேபிளை வளைத்து வெளியே எடுங்கள். துளையைச் சிறிதாக்க, கேபிளை நுழைத்த பிறகு முனை இணைப்பியைப் பற்றவையுங்கள். உணரியும் ஈயமும் உரசாமல் பாலிதீன் தாள் விரியுங்கள். உரசினால் நில (எர்த்) இணைப்பு இரண்டாகி, குறைந்த ஆற்றல் பக்கம் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறும். மூடிப் பலகைகளைப் பக்கவாட்டில் நகர்த்தத் தண்டவாளம் போடுங்கள். 51 கிலோவைக் கையால் தூக்கி வைக்க நினைத்தால் ஒருநாள் படிகத்தின்மேல் விழும்.

ஆற்றல் அளவீட்டுக்கு உரிமம் பெற்ற மூலம் வேண்டாம். உரக்கடை பொட்டாஷ், நெல்லுக்கும் வாழைக்கும் போடுவது, 60 சதவீத ரகம் (அந்த 60 பொட்டாசியம் ஆக்சைடு கணக்கு). 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 50 கிராம், சுமார் 1,540 பெக்கரல் (விநாடிக்கு அத்தனை சிதைவு), விநாடிக்கு 160 சொச்சம் 1461 காமா. ஐந்து நிமிடத்தில் உச்சி தெளிவாக நிற்கும். 2614-க்கும் 239-க்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேண்டில். புதிய மேண்டில்கள் சிலவற்றில் தோரியம் இல்லை. இரண்டையும் இரட்டைப் பையில் மூடி, வேலை முடிந்ததும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். பொட்டாஷ் தூள் கூட்டுக்குள் சிந்தினால் செம்பைக் கழற்றிக் கழுவ வேண்டிவரும்.

வெப்பத்தையும் குறித்துவையுங்கள். படிகமும் அதன் மின்னலை மின்துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயும் சேர்ந்து டிகிரிக்கு அரை சதவீதம்வரை நகரும். நெல்லை வெயிலில் அறை 8 டிகிரி ஏறி இறங்கினால் 1461 உச்சி 50 கேஇவிக்கு மேல் ஊசலாடும். ஒரே நாள் கோப்பாக எடுக்காமல் ஒரு மணி நேரக் கோப்புகளாக எடுத்து, ஒவ்வொன்றின் ஆற்றல் அளவையையும் நேராக்கிக் கூட்டுங்கள்.

ரேடான்

கூடு சரியாகி 2614-உம் 1461-உம் இறங்கிய பிறகும் 609, 352 பிடிவாதமாக நின்றன. சுவரில் ஒட்டிய தாளைப் பாருங்கள்: 609 சுவரைத் துளைத்து வந்ததல்ல. அது உள்வெளியில் இருக்கும் 12 லிட்டர் காற்று. தரைத்தள அறையில், கல் தரைக்குமேல், ஜன்னல் மூடிய இரவில் யுரேனியத் தொடரில் பிறக்கும் வாயுவான ரேடான்-222 கூடும், விடியற்காலையில் 609 உயரும். நாள்தோறும் இப்படி ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

நைட்ரஜன் விட வேண்டும். முதலில் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் கால் மணி நேரம், பிறகு அரை லிட்டர். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று ஒன்பது நாளுக்கு மேல் வரும். குழாய் சிலிக்கான் ரப்பராக இருக்கக் கூடாது, ரேடான் அதன் வழியே சல்லடை போல நுழையும். நைலானோ டெஃப்லானோ போடுங்கள். வாயு விட்டதும் எண்ணத் தொடங்காதீர்கள். சுவரில் ஒட்டிய ரேடானின் மகவுகள் ஈயம்-214, பிஸ்மத்-214 அடங்க மூன்று மணி நேரம் ஆகும். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும், சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள். உள்வெளியில் சும்மா கிடக்கும் இடத்தைச் சுத்தமான பாலிதீன் கட்டையால் நிரப்பினால் வாயு இன்னும் மிச்சமாகும்.

தோரியக்காரனுக்கு வேறு சேட்டை. மோனசைட் மணலைத் திறந்த கிண்ணத்தில் வைத்தால் தோரான் (தோரியத் தொடரில் பிறக்கும் ரேடான் வாயு) வெளியேறி, அதன் ஈயம்-212 செம்புச் சுவரில் படிந்துவிடும். அரை ஆயுள் 10.6 மணி. மாதிரியை எடுத்த பிறகும் இரண்டு நாள் 239 தெரியும், அடுத்து வைக்கும் அப்பாவி செங்கல் மேல் பழி விழும். ஆகவே எல்லா மாதிரியும் 250 மி.லி அகன்ற வாய் பாலிபுரொப்பிலீன் புட்டியில், மூடிமேல் காற்றுப்புகா நாடா சுற்றி, 28 நாள் வைத்திருந்து, ரேடியமும் ரேடானும் சமநிலைக்கு வந்த பிறகே கூட்டுக்குள். ஒப்பீட்டுக்கு அதே புட்டியில் வாலை வடித்த நீர்.

மிஞ்சுவது

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று மிஞ்சும். 1461-இல் ஒரு சிறு உச்சி, ஒளிப்பெருக்கிக் குழாயின் கண்ணாடியிலிருந்தும் படிகத்திலிருந்தும் வருவது. ஒரு பக்கம் தற்காலிகமாக இன்னும் 50 மி.மீ ஈயம் வைத்துப் பாருங்கள். குறையாவிட்டால் அது உள்ளே உள்ளது, மேலும் ஈயம் வாங்கிப் பயனில்லை. இரண்டாவது, 511-இல் ஓர் உச்சி. வானத்திலிருந்து வரும் மியூவான் துகள்கள் ஈயத்தில் மோதிக் கிளப்பும் பாசிட்ரான்கள் அழியும்போது வருவது. மூன்றாவது, அளவையின் மேல் முனைக்கு அப்பால் போகும் எண்ணிக்கை: மியூவான் நேராகப் படிகத்தைக் கடப்பது. கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், நம் படிகத்தின் 20 சதுர செ.மீ முகத்துக்கு நிமிடத்துக்கு 20 அளவில் வரும். படிகம் முழுவதையும் நேராகக் கடப்பது 20 எம்இவிக்கு (ஓர் எம்இவி ஆயிரம் கேஇவி) மேல் விட்டுச் செல்லும், ஆகவே நம் உச்சிகளோடு கலக்காது. இதை ஒரு வசதியாக்கிக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கை திடீரென மாறினால் உணரியையும் உயர்மின்னழுத்தத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று பொருள்.

இந்த மியூவானை ஈயம் நிறுத்தாது. நிலத்தடியில் அல்லாத அறையில் 15 செ.மீ கனத்துக்கு மேல் ஈயம் அடுக்கினால் பலன் நின்றுவிடும், மியூவான் கிளப்பும் துகள்களால் பின்னணி ஏறக்கூடச் செய்யும். மலைக்கடியில் போவது இதற்காகத்தான். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கி.மீ ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளைப் பிடித்தார்கள். ஜார்க்கண்ட் ஜாதுகுடாவில் 555 மீட்டர் ஆழத்தில் இப்போது ஓர் ஆய்வகம் இருக்கிறது. நமக்கு வடக்கே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை. மியூவானைப் பத்து லட்சத்தில் ஒன்றாக்கும். அங்கே வைப்பதாக இருந்த 50,000 டன் இரும்புக் கருவிக்குப் பாறை மட்டுமே போதும், அது பார்ப்பது நீண்ட மியூவான் தடங்களை. ஆனால் வெள்ளீயம்-124-இன் மிக அரிதான இரட்டை பீட்டா சிதைவைத் தேடும் கருவிக்கு அது போதாது. அதன் சமிக்ஞை 2.29 எம்இவியில் விழும், 2614 காமா சிதறினால் அதே இடத்தில் வந்து விழும். சுரங்கப் பாறையும் தோரியம் விடும், ரேடானும் அங்கே கூடுதலாகத் தேங்கும். ஆகவே ஈயம், செம்பு, நைட்ரஜன் மூன்றும் அங்கேயும் வேண்டும்.

ஒரு கணக்கு, பணம் போடுமுன். பின்னணி எண்ணிக்கை பி என்றால் கண்டறி எல்லை (நம்பிக்கையோடு பிடிபடும் மிகக் குறைந்த எண்ணிக்கை) 2.71 + 4.65√பி. பின்னணியைப் பத்தில் ஒன்றாக்கினால் எல்லை மூன்றில் ஒன்றாகும். நூறில் ஒன்றாக்கினால் பத்தில் ஒன்று. செங்கல், எம்-சாண்ட் அளக்க 50 மி.மீ சுவரும் ஒரு நாள் எண்ணிக்கையும் தாராளம். தாமிரபரணி நீர் போன்ற இலேசான மாதிரிக்கு அது போதாது. அதற்கு முதலில் பொட்டாசியம் குறைந்த ஒளிப்பெருக்கிக் குழாய், அதன் பிறகு 100 மி.மீ சுவர். வரிசையை மாற்றி, ஐந்நூறு கிலோ ஈயத்தை முதலில் வாங்கினால் 1461 அப்படியே நின்று உங்களைப் பார்க்கும்.